மோதிரவிரல் கொடுத்த கடன்

பெஞ்சு விளிம்பில் முழங்கையை இடித்துக்கொண்டு, "ஐயோ, கரண்ட் அடிச்சிடுச்சு" என்று கத்தாத பிள்ளை எந்த வகுப்பிலாவது உண்டா? அடுத்த முறை அப்படி இடித்துக்கொண்டால் (வேண்டுமென்றே இடித்துக்கொள்ள வேண்டாம்!) அந்தக் 'கரண்ட்' எதுவரை போகிறது என்று கவனியுங்கள். சுண்டுவிரல் பக்கமாகவே இறங்கி, சுண்டுவிரல் முழுவதும், மோதிரவிரலில் பாதியும் விர்ரென்று ஏறும். கட்டைவிரலுக்கு ஒன்றுமே தெரியாது.

அங்கே அடிபட்டது எலும்பு அல்ல, நரம்பு. அல்நார் நரம்பு என்று அதற்குப் பெயர். கழுத்தருகே கிளம்பி விரல்வரை வரும் இந்த நரம்பு, வழியில் பெரும்பகுதி தசைகளுக்கு நடுவே பத்திரமாக ஒளிந்து வருகிறது. முழங்கையின் உட்பக்க எலும்புக்குப் பின்னால் மட்டும் தோலுக்கு அடியிலேயே, பாதுகாப்பு ஏதுமின்றி ஓடுகிறது. அதனால்தான் சின்ன இடிக்கே அப்படி ஒரு கூச்சல்.

அணைக்கட்டிலும் ஒடுகத்தூரிலும் ஆம்பூரிலும் படிக்கிற பிள்ளைகளுக்கு இந்த நரம்பைத் தெரிந்துகொள்ள இன்னொரு காரணமும் இருக்கிறது. தொழுநோயால் இந்த நரம்பு செயலிழந்தவர்களின் கையை மறுபடி வேலை செய்ய வைக்கும் அறுவை சிகிச்சையை உலகத்துக்குச் செய்து காட்டிய ஊர், உங்கள் வேலூர். அந்தச் சிகிச்சையைச் செய்த டாக்டர்களில் ஒருவர், இடுப்புக்குக் கீழே அசைவே இல்லாத ஒரு பெண்.

முதலில் அந்த நோயின் கிருமியைப் பார்த்துவிடுவோம். 1873-ல் நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் கண்டுபிடித்த தொழுநோய்க் கிருமி மகா சோம்பேறி. பல பாக்டீரியாக்கள் அரை மணி நேரத்துக்குள் இரண்டாகப் பெருகிவிடும். இது ஒருமுறை இரண்டாவதற்கு ஏறக்குறைய இரண்டு வாரம் எடுத்துக்கொள்ளும். சூடும் இதற்கு ஆகாது. உடம்பில் எந்த இடம் கொஞ்சம் குளிர்ச்சியோ அங்கேதான் குடியேறும்: காதுமடல், மூக்கு, கை, கால், தோலை ஒட்டி ஓடும் நரம்புகள். முழங்கையில் ஓடும் நம் 'கரண்ட்' நரம்பு அதற்கு வாகான இடம்.

நரம்பு கெட்டால் இரண்டு விதமான இழப்பு. ஒன்று, சூடு, குத்தல், வலி எதுவும் தெரியாமல் போகும். இன்னொன்று, உள்ளங்கைக்குள் இருக்கும் குட்டித் தசைகள் செயலற்றுப் போய் விரல்கள் உள்நோக்கி மடங்கி அப்படியே நின்றுவிடும். டம்ளரைச் சுற்றி விரலை விரிக்க முடியாது, சட்டைப் பித்தான் போட முடியாது, சோற்றைப் பிசைந்து உருட்டி வாயில் வைக்க முடியாது. 'இந்த நோய் வந்தால் கை அழுகிப் போகும், ஒன்றும் செய்வதற்கில்லை' என்றுதான் அந்தக் காலத்து மருத்துவர்களிலும் பலர் நம்பியிருந்தார்கள்.

அந்த நம்பிக்கையை உடைத்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். ஆங்கிலேயக் குடும்பம் என்றாலும் அவர் பிறந்தது 1914-ல் நம் கொல்லிமலையில். மருத்துவம் படிக்கும் முன் தச்சு வேலையும் கொத்து வேலையும் முறையாகக் கற்றவர். 1947-ல் செங்கல்பட்டில் இருந்த தொழுநோய் மருத்துவமனைக்குப் போனபோது, விரல்கள் மடங்கிய ஒரு நோயாளியிடம், "என் கையை அழுத்திப் பிடியுங்கள்" என்றார். வலுவே இருக்காது என்று அவர் நினைத்த அந்தக் கை, அவரே வலி தாங்காமல் நெளியும்படி இறுக்கிப் பிடித்தது. அந்த மனிதருக்குத் தான் எவ்வளவு அழுத்துகிறோம் என்பது தெரியவில்லை, அவ்வளவுதான்.

பிராண்டுக்கு அந்த வலியில் ஒரு சேதி கிடைத்தது. கை முழுவதும் சாகவில்லை! முன்கையின் ஆழத்தில், உடம்புச் சூட்டில் இருக்கும் நரம்புகளைக் கிருமி அண்டவில்லை. அங்கே நல்ல தசைகள் வேலையில்லாமல் இருக்கின்றன.

இனி நீங்கள் ஒரு சோதனை செய்ய வேண்டும். பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிடுங்கள். உங்கள் கையை மேசைமேல் உள்ளங்கை மேலே தெரியும்படி வையுங்கள். மோதிரவிரலை மட்டும் விட்டுவிட்டு, ஆள்காட்டி விரல், நடுவிரல், சுண்டுவிரல் மூன்றையும் நேராக நீட்டி அவர் மேசையோடு அழுத்திப் பிடித்துக்கொள்ளட்டும். இப்போது மோதிரவிரலை மடக்குங்கள். நடு மூட்டில் மடங்குகிறதா? சரி, அப்படியே வைத்துக்கொண்டு விரலின் நுனியை மறுகையால் தட்டிப் பாருங்கள். லொடலொடவென்று ஆடும். எவ்வளவு முயன்றாலும் நுனி மூட்டை நீங்களாக மடக்க முடியாது.

ஏன் இப்படி? கட்டைவிரல் தவிர மற்ற ஒவ்வொரு விரலையும் மடக்குவதற்கு இரண்டு தசைநாண்கள் உண்டு. ஆழத்தில் ஓடும் ஒன்று நுனிவரை போகிறது. மேலாக ஓடும் இன்னொன்று நடு மூட்டைத் தாண்டியதும் நின்றுவிடுகிறது. ஆழத்து நாண்கள் ஒரே தசைக்கூட்டத்திலிருந்து சேர்ந்து வருவதால், மற்ற விரல்களை அழுத்திப் பிடித்தால் மோதிரவிரலின் ஆழத்து நாணும் முடங்கிப்போகும். மேல்நாண் மட்டும் தனியாக வேலை செய்யும். நீங்கள் இப்போது மடக்கியது அந்த மேல்நாணால்.

விரலை மடக்கும் தசை விரலில் இல்லை என்பதையும் கவனியுங்கள். கிணற்றில் தண்ணீர் இறைப்பவர் மேலே நிற்கிறார், வாளி கீழே கிடக்கிறது, நடுவில் கயிறு. அதைப்போலத்தான் தசை முன்கையில், விரல் கீழே, நடுவில் தசைநாண். விரல்களை மாறி மாறி மடக்கிக்கொண்டே மணிக்கட்டுக்கு மேலே தொட்டுப் பாருங்கள், அந்த நாண்கள் ஓடுவது தெரியும்.

பிராண்டின் கணக்கு இதுதான். மோதிரவிரலுக்கு இரண்டு நாண் இருக்கிறது, ஆழத்து நாண் ஒன்றே அதை மடக்கப் போதும். மேல்நாணைக் கடன் வாங்கினால் என்ன? அதை விரலிலிருந்து விடுவித்து, இழைகளாகப் பிரித்து, உள்ளங்கை வழியாக எடுத்துப்போய், மடங்கிக் கிடக்கும் விரல்களின் பக்கவாட்டில் தைத்துவிட்டால், செத்த குட்டித் தசைகளின் வேலையை முன்கைத் தசை செய்யும். விபத்தில் நரம்பு அறுபட்டவர்களுக்கு இதுபோன்ற நாண் மாற்று முறைகள் முன்பே இருந்தன. தொழுநோயாளிகளின் கையில் யாரும் துணிந்து செய்யவில்லை. புண் ஆறாது என்று பயந்தார்கள். 1948-ல் வேலூரில் செய்தார்கள். புண் ஆறியது. கை திறந்தது.

தசைநாண் தையலைத் தாங்குமா என்று கேட்கலாம். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் என்று நம் பக்கத்துத் தோல் ஷாப்புகளில் பதப்படுத்தும் ஆட்டுத்தோல், மாட்டுத்தோல் எதனால் ஆனது தெரியுமா? கொலாஜன் என்ற புரதத்தால். மூன்று இழைகள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்ட நீளமான மூலக்கூறு அது. உங்கள் மணிக்கட்டுக்குள் ஓடும் தசைநாணும் பெரும்பாலும் அதே கொலாஜன்தான். பச்சைத் தோலை அப்படியே போட்டுவைத்தால் பாக்டீரியா தின்று அழுகிவிடும். குரோமிய உப்போ, அந்தக் காலத்து ஆவாரம்பட்டைச் சாறோ ஏறினால் இழைகளுக்கு நடுவே பிணைப்புகள் உண்டாகி, தோல் வருடக்கணக்கில் உழைக்கும். உயிருள்ள உடம்பில் அந்த வேலைக்கு ஷாப்பு தேவையில்லை. இரத்தம் இருக்கிறது, செல்கள் இருக்கின்றன. தைத்த இடத்தில் அவையே புதுக் கொலாஜனை நெய்துகொள்கின்றன. சில வாரம் மாவுக்கட்டுப் போட்டு அசையாமல் வைத்திருப்பது அதற்காகத்தான்.

கட்டைப் பிரித்தபிறகு வருகிற பகுதிதான் எனக்கு மிகவும் பிடித்தது. நோயாளியிடம், "மற்ற விரல்களை அசையுங்கள்" என்று சொன்னால் ஒன்றும் நடக்காது. "மோதிரவிரலை மடக்குவதாக நினைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்ல வேண்டும். அவர் நினைப்பார், அசைவது வேறு விரல்! மூளைக்கு ஒரே குழப்பம். தான் அனுப்பிய கட்டளை ஒன்று, நடந்தது இன்னொன்று. ஒவ்வொரு நாளும் பயிற்சியாளர் பக்கத்தில் உட்கார்ந்து, களிமண்ணைப் பிசையச் சொல்லி, சின்னப் பொருள்களை எடுக்கச் சொல்லிப் பழக்குவார். பழகப் பழக மூளை தன் கணக்கை மாற்றி எழுதிக்கொள்கிறது. ஒரு நாள் அவர் எதையும் நினைக்காமலே டம்ளரை எடுத்துவிடுவார். பயிற்சியால் மூளை தன் இணைப்புகளை மாற்றிக்கொள்ளும் இந்தத் திறமை குழந்தைகளுக்கு அதிகம், பெரியவர்களுக்கும் நிறையவே உண்டு.

எல்லாம் திரும்பி வந்துவிட்டதா என்றால், இல்லை. விரல் அசைந்தது, உணர்வு வரவில்லை. துருப்பிடித்த பூட்டு ஒன்றைத் திறக்க பிராண்ட் திணறிக்கொண்டிருந்தபோது, தொழுநோய் வந்த ஒரு சிறுவன் சாவியை வாங்கி ஒரே திருகாகத் திருகித் திறந்துவிட்டானாம். பார்த்தால் சாவி அவன் விரலை எலும்புவரை கிழித்திருக்கிறது, அவனுக்குத் தெரியவே இல்லை. சில நோயாளிகளின் விரல் இரவோடு இரவாகக் குறைந்துபோன மர்மத்தையும் கண்காணித்துக் கண்டுபிடித்தார்கள். எலி கடித்துத் தின்றிருக்கிறது! பிராண்ட் என்ன மருந்து கொடுத்தார் தெரியுமா? பூனை. நோயாளிகள் வீடு திரும்பும்போது பூனையையும் கூடவே கொண்டுபோகச் சொன்னார்.

விரலும் பாதமும் அழுகுவது நேரடியாகக் கிருமியின் வேலை அல்ல, வலி இல்லாததால் கவனிக்கப்படாத காயங்களின் வேலை என்பது இப்படித்தான் உறுதியானது. அதன்பின் கண்ணால் பார்த்துக் கையைக் காக்கப் பழக்கினார்கள். பாதத்துக்கு, ஆணியே அடிக்காத மென்மையான ரப்பர் அடிப்பாகம் வைத்த செருப்புகள் செய்தார்கள். வேலூர் அருகே கரிகிரியில் உள்ள தொழுநோய் ஆராய்ச்சி மையம் இதில் பேர்பெற்றது. மென்மையான அடிப்பாகம் எதற்கு? எட்டாம் வகுப்பில் படிக்கும் அழுத்தப் பாடம்தான்: பரப்பு கூடினால் அழுத்தம் குறையும். உங்கள் அம்மாவோ அக்காவோ ஷூ கம்பெனியில் வேலை செய்தால், ஒரு செருப்பில் ஆணி இல்லாமல் அடிப்பாகத்தை எப்படி ஒட்டுவார்கள் என்று கேளுங்கள். என்னைவிட நன்றாக விளக்குவார்கள்.

இனி அந்தப் பெண் டாக்டர். பெயர் மேரி வர்கீஸ். 1925-ல் கேரளத்தில் கொச்சிப் பக்கம் பிறந்து, வேலூரில் மருத்துவம் படித்தவர். 1954 ஜனவரியில், உடன் பணியாற்றிய மருத்துவர்களோடு சென்ற வண்டி கவிழ்ந்தது. முகத்தில் பலத்த காயம். அதைவிடப் பெரிய அடி, முதுகில். தண்டுவடம் சேதமாகி இடுப்புக்குக் கீழே உணர்வும் அசைவும் போயின.

தண்டுவடம் ஏறக்குறைய 45 சென்டிமீட்டர் நீளம், சுண்டுவிரல் பருமன். அதிலிருந்து 31 ஜோடி நரம்புகள் கிளம்பி உடம்பெங்கும் போகின்றன. கையில் அறுபட்ட நரம்பைச் சரியாகச் சேர்த்துத் தைத்தால் நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில் திரும்ப வளரும். தண்டுவடத்துக்குள் இருக்கும் நரம்பிழைகளோ அப்படி வளர்வதில்லை. காயம் ஆறும்போது உண்டாகும் தழும்பும், சுற்றியுள்ள சில வேதிப்பொருள்களும் வளர்ச்சியைத் தடுக்கின்றன. இதை மாற்ற உலகெங்கும் இன்னும் முயன்றுகொண்டிருக்கிறார்கள்.

மேரி கதறியிருக்கிறார், மனம் வெறுத்திருக்கிறார். ஏன் கூடாது? மருத்துவராக இருந்ததால் தன் கால் இனி வராது என்பதை அவரிடம் யாரும் மறைக்கவும் முடியாது. இந்த நிலையில் அவருக்குச் சிகிச்சை அளித்த பிராண்ட், தசைநாணில் போட்ட அதே கணக்கை இவரிடமும் போட்டார். போனது எது, மிஞ்சியது எது? மருத்துவ அறிவு இருக்கிறது, நல்ல கண் இருக்கிறது, இரண்டு கையும் திடமாக இருக்கின்றன. வயிற்று அறுவை செய்ய மணிக்கணக்கில் நிற்க வேண்டும். கை அறுவைக்கு நிற்கத் தேவையில்லை. நோயாளியின் கையை ஒரு சின்ன மேசைமேல் நீட்டி வைத்து, நடக்கிற டாக்டர்களே உட்கார்ந்துதான் செய்வார்கள்.

சக்கர நாற்காலியில் இருந்தபடியே மேரி வர்கீஸ் தொழுநோயாளிகளின் கைகளில் நாண் மாற்று அறுவை செய்யத் தொடங்கினார். சிகிச்சைக்கு வந்தவர்கள் திகைத்தார்கள். நம்மைவிட அதிகம் இழந்தவர் நமக்கு வைத்தியம் பார்க்கிறாரே! அவர்களுக்கும் அவருக்கும் ஒரு பொதுச் சிக்கல் வேறு இருந்தது: வலி எச்சரிக்காத உடம்பு. நீங்கள் ஒரே இடத்தில் வெகுநேரம் உட்கார்ந்தால் தானாக நெளிவீர்கள். தண்டுவடம் அடிபட்டவருக்கு நெளியத் தோன்றாது. எலும்புக்கும் இருக்கைக்கும் நடுவில் சதை நசுங்கி, இரத்தம் ஓடாமல் படுக்கைப் புண் வந்துவிடும். அதனால் கையை ஊன்றி அடிக்கடி உடம்பைத் தூக்கிக்கொள்ள வேண்டும். படுத்திருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரண்டு படுக்க வேண்டும். இரண்டாம் உலகப்போருக்கு முன்பு தண்டுவடம் அடிபட்டவர்களில் பெரும்பாலோர் இந்தப் புண்ணாலும் சிறுநீரகத் தொற்றாலும் ஓரிரு ஆண்டுகளில் இறந்துபோனார்கள். போர்க்காலத்திலும் அதன் பிறகும் இங்கிலாந்தில் லுட்விக் குட்மன், அமெரிக்காவில் ஹோவர்ட் ரஸ்க் போன்ற மருத்துவர்கள் அந்தக் கதையை மாற்றினார்கள். குட்மன் 1948-ல் தன் நோயாளிகளுக்கு நடத்திய வில்வித்தைப் போட்டியிலிருந்து வளர்ந்ததுதான் இன்றைய பாராலிம்பிக்.

மேரி ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்தில் தானே நோயாளியாக மறுவாழ்வுப் பயிற்சி பெற்றார். பிறகு நியூயார்க்கில் ரஸ்க்கின் நிறுவனத்தில் அந்த மருத்துவத்தையே படித்தார். வேலூர் திரும்பி, 1963-ல் உடலியக்க மறுவாழ்வு மருத்துவத் துறைக்குத் தலைவரானார்.  1966-ல் வேலூருக்குத் தெற்கே பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. உள்நோயாளிகளைத் தங்கவைத்துப் பயிற்சி தரும் அப்படிப்பட்ட நிலையம் இந்தியாவில் அதுதான் முதல் என்பார்கள். தென்னை மரத்திலிருந்து விழுந்தவர், கிணற்றில் விழுந்தவர், லாரி மோதியவர் என்று முதுகு முறிந்து வந்தவர்கள் அங்கே நாற்காலியில் ஏறி இறங்கவும், குளிக்கவும், தொழில் செய்யவும் கற்றுக்கொண்டு போனார்கள். 1972-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 1986-ல் காலமானார்.

இந்த இடத்தில் தன்னம்பிக்கைக் கட்டுரை எழுதுகிறவர்கள், 'மனம் இருந்தால் மார்க்கம் உண்டு' என்று முடித்துவிடுவார்கள். எனக்கு அதில் பாதிதான் சம்மதம். பெரிய அடிக்குப் பிறகு மனிதர்கள் புதிதாய் வளர்வதை 1990-களில் அமெரிக்க உளவியலாளர்கள் டெடஸ்கியும் கால்ஹவுனும் ஆராய்ந்தார்கள். துயரமும் வளர்ச்சியும் ஒரே மனிதரிடம் ஒன்றாகவே இருக்கும் என்றும், வளர்ச்சி எல்லோருக்கும் வந்தே தீரும் என்பதில்லை என்றும் அவர்கள் சொன்னார்கள். வராதவரைப் பார்த்து, 'உனக்கு மனஉறுதி போதாது' என்று சொல்வது அநியாயம். மேரிக்கு மனஉறுதி இருந்தது. அதோடு பிராண்ட் இருந்தார், படிப்பு இருந்தது, நாற்காலி நுழையும் அகலத்தில் ஓர் அறுவை அறைக் கதவும் இருந்தது. அணைக்கட்டு வட்டத்தில் பீஞ்சமந்தை, அல்லேரி மலையூர்க்காரர்களைக் கேளுங்கள். சாலை இல்லாமல் நோயாளியை டோலி கட்டித் தூக்கிவந்த கதையைச் சொல்வார்கள். அவர்களிடம் மனஉறுதிக்குப் பஞ்சமில்லை. பஞ்சம் இருந்தது சாலைக்குத்தான்.

இரண்டு வேலை உங்களுக்கு இருக்கிறது. வீட்டிலோ வகுப்பிலோ யாருக்காவது தோலில் வெளிறிய அல்லது சிவந்த தேமல் இருந்து, அந்த இடத்தில் தொட்டால் உணர்வும் இல்லையென்றால், ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போகச் சொல்லுங்கள். இந்தியாவில் இன்றும் ஆண்டுக்குச் சுமார் ஒரு லட்சம் பேருக்குத் தொழுநோய் கண்டுபிடிக்கப்படுகிறது. மருந்து இலவசம். ஆறு மாதமோ ஒரு வருடமோ சாப்பிட்டால் முழுவதும் குணமாகும். நரம்பு கெடும் முன் போனால் நாண் மாற்றவே தேவையிருக்காது.

இன்னொன்று, அளவு நாடாவோடு செய்ய வேண்டியது. உங்கள் பள்ளியில் சாய்தளம் இருந்தால் அதன் உயரத்தையும் நீளத்தையும் அளந்து பாருங்கள். ஒரு பங்கு உயரத்துக்கு 12 பங்கு நீளம் வேண்டும். படி 45 சென்டிமீட்டர் உயரம் என்றால் சாய்தளம் 540 சென்டிமீட்டராவது நீள வேண்டும். அதைவிடக் குறைந்தால் சரிவு செங்குத்தாகி, நாற்காலியில் வருகிற பிள்ளை தானாக ஏற முடியாது. அளந்ததை ஒரு தாளில் எழுதித் தலைமை ஆசிரியரிடமும் பள்ளி மேலாண்மைக் குழுவிடமும் கொடுங்கள். சாய்தளமே இல்லையென்றால் அதையும் எழுதுங்கள். பள்ளிக் கட்டடம் மாற்றுத்திறனாளிகள் வந்துபோகும்படி இருக்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது.